பழனியா, பழநியா? திருத்த முடியாத சில எழுத்துப் பிழைகளின் கதை

பழனி மலையைப் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்கு முதல் சிக்கல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு இல்லை. பெயரை எப்படி எழுதித் தேடுவது என்பதுதான்! தமிழிலேயே இரண்டு வழக்கு இருக்கிறது. றன்னகரம் போட்டுப் ‘பழனி’ என்பார்கள் சிலர். ‘பழம் நீ’ என்று முருகனைச் சமாதானம் செய்த கதையை நினைத்துக்கொண்டு, தந்நகரம் போட்டுப் ‘பழநி’ என்பார்கள் வேறு சிலர். சங்கப் பாட்டில் வரும் ‘பொதினி’தான் இப்படி மாறியது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

மலைக்கு மேலே போனாலும் நிம்மதி இல்லை. ‘கொடைக்கானல்’ என்று ஒரு பலகை, ‘கோடைக்கானல்’ என்று இன்னொரு பலகை. கொடையா, கோடையா, அல்லது கொடியா என்று பெயர்க்காரணம் பற்றிய சண்டை தனி.

ஆங்கிலத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். லெப்டினன்ட் வார்டு என்பவர் 1821-இல் இந்த மலையை அளந்தார். அதற்குப் பிறகு 1836-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கே வந்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் மலைக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ‘வராககிரி’யை வெள்ளைக்காரக் காது கேட்ட விதத்தில் எழுதியது. மற்றொன்று ‘புல்னி’, அதாவது பி, யு, எல், என், இ, ஒய். 1906-இல் வந்த மதுரை மாவட்ட கெஜட்டியர் காலத்தில் அது ‘பல்னி’ ஆகிவிட்டது. 1985-இல் தொடங்கிய மலைப் பாதுகாப்பு மன்றத்தின் பெயரிலும், கே.எம். மாத்யூ பாதிரியார் 1999-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தாவரக் களஞ்சியத்தின் பெயரிலும் அதே ‘பல்னி’தான். ஆனால் கீழே ஊரின் ரயில் நிலையப் பலகையில் இருப்பது ‘பழனி’, நடுவில் ஒரு ‘ஏ’ கூடுதலாக.

மனிதர்களுக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். கணினிக்குப் புரியாது. கூகிள் ஓரளவு ஊகித்துக்கொள்ளும். நூலகப் பட்டியலும் பிடிஎஃப் கோப்புக்குள் தேடும் பெட்டியும் ஊகிக்காது. இன்றைய எழுத்தில் மட்டும் தேடுகிற மாணவருக்கு ராபர்ட் வைட்டின் கட்டுரை கிடைக்காமலே போகலாம். கட்டுரை இருக்கும், ஆனால் இல்லாதது போல.

‘சரி, எது சரியான எழுத்து என்று ஒரு உத்தரவு போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். போட்டும் பார்த்தார்கள். 2020 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியே வந்தது. நோக்கத்தில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வேலூரைப் புதிய ஆங்கில எழுத்தில் படித்தால் ‘வீலூர்’ என்று வாயில் வந்தது. கோயம்புத்தூர் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் அளவுக்கு நீண்டது. கேலியும் எதிர்ப்பும் கிளம்பி, சுமார் ஒரு வாரத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அந்த ஒரு வாரத்தில் கேட்கப்பட்ட கேள்வி எல்லாம் ‘எது சரியான உச்சரிப்பு?’ என்பதுதான். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது: பழைய எழுத்தை நம்பி ஏற்கனவே எழுதப்பட்ட எல்லாவற்றையும் என்ன செய்வது? பத்திரம், சான்றிதழ், வரைபடம், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் பழைய எழுத்தில்தானே இருக்கின்றன? இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டாகப் போராடி வருகிறவர்கள் கணினி மென்பொருள் எழுதுகிறவர்கள். குறிப்பாக, யார் வேண்டுமானாலும் பிழை திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள்காரர்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் மலையின் கதையும் புரியும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை மாற்றும் உரிமை மட்டும் போதாது, அதன் கையேட்டை மாற்றும் உரிமையும் வேண்டும் என்பது அவருடைய வாதம். நிரலை மாற்றிவிட்டுக் கையேட்டை அப்படியே விட்டால் கையேடு பொய் சொல்லும் அல்லவா? அதற்காகவே 2000-இல் ஆவணங்களுக்கென்று தனி உரிமம் ஒன்றும் வந்தது. இப்படித்தான் கையேட்டில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்ட எவரும் அதைத் திருத்தி அனுப்பலாம் என்ற வழக்கம் வேரூன்றியது.

இதற்கும் முன்னாலேயே பிழை பிடிப்பவருக்குக் காசு கொடுத்த ஒருவர் உண்டு. கணினி நிரலாக்கக் கலை பற்றிய புகழ்பெற்ற நூல் வரிசையையும் ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையும் எழுதிய டொனால்ட் நூத். அவருடைய நூலில் பிழை கண்டுபிடித்தால் 2.56 டாலருக்குக் காசோலை அனுப்புவார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் ஒரு ‘டாலர்’ என்பது அவருடைய குறும்பு. பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் அதன் படத்தை இணையத்தில் போட, வங்கிக் கணக்கு எண் வெளியே தெரிந்து மோசடி நடக்க, 2008 முதல் அவர் உண்மையான காசோலைக்குப் பதிலாகக் கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழை அனுப்பத் தொடங்கினார்.

எழுத்துப் பிழையைக் கணினியே பிடிக்கும் வேலையும் பழையதுதான். ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் 1971-இல் எழுதிய ‘ஸ்பெல்’ இந்த வகையில் ஒரு முன்னோடி. ஆனால் மென்பொருள் கையேடுகளுக்கு வேறு ஒரு உத்தி நன்றாக வேலை செய்தது. அகராதியில் இல்லாத சொல்லை எல்லாம் பிழை என்று காட்டினால், நிரலில் வரும் விசித்திரப் பெயர்கள் அத்தனையும் சிவப்புக் கோட்டில் மூழ்கிவிடும். அதனால் அடிக்கடி வரும் பிழைகளை மட்டும் பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் தேடினார்கள். ‘கோட்ஸ்பெல்’ என்ற கருவியின் பட்டியல் விக்கிபீடியாவின் பிழைப் பட்டியலிலிருந்து பிறந்தது. லினக்ஸ் கருவுக்குள் இருக்கும் பட்டியல் டெபியன் குழுவினர் தங்கள் சோதனைக் கருவிக்காக வைத்திருந்ததிலிருந்து வந்தது. லினக்ஸின் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் பிழையான வடிவம், நடுவில் இரண்டு கோடு, வலது பக்கம் சரியான வடிவம். பிழைகளை ஒழிப்பதற்காக உலகத்தின் பிழைகளை எல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்!

இவ்வளவு கருவியும் ஆளும் இருந்தும் சில பிழைகளைத் தொடவே முடியவில்லை. யூனிக்ஸில் புதிய கோப்பை உருவாக்கும் கட்டளைக்கு ‘கிரியேட்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கடைசியில் வர வேண்டிய ‘இ’யை விட்டுவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம் கேட்டபோது, அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்றாராம். இன்றைக்கும் சேர்க்க முடியவில்லை. எத்தனையோ நிரல்கள் அந்தக் குறை எழுத்தை நம்பி எழுதப்பட்டுவிட்டன.

இதைவிடப் பிரபலமான கதை இணையத்தினுடையது. ஒரு வலைப்பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்பதை உலாவி சொல்லும். அந்தத் தகவலின் பெயர் ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். 1990-களில் இதை முன்மொழிந்தவர் ஒரே ‘ஆர்’ போட்டு எழுதிவிட்டார். அப்போதைய யூனிக்ஸ் பிழைதிருத்திக்குச் சரியான சொல்லும் தெரியாது, தவறான சொல்லும் தெரியாது. அதனால் எது சரி என்று சொல்ல அது உதவவில்லை. 1996-இல் அது தர நிர்ணய ஆவணத்தில் ஏறிவிட்டது. 2022-இல் வந்த புதிய ஆவணத்திலும் அதே ஒற்றை ‘ஆர்’தான், ‘மூலத்தில் உள்ளபடி’ என்ற குறிப்போடு. இதில் வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு இதே தகவலைக் கட்டுப்படுத்த வந்த இன்னொரு விதிக்குச் சரியாக இரண்டு ‘ஆர்’ போட்டுப் பெயர் வைத்தார்கள். இப்போது நிரலாளர்கள் எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது :-)

நம் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1991-இல் யுனிகோட் வந்தபோதே தமிழ் அதில் இடம் பிடித்தது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டதால், எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சு. விளைவு, நம் ஆய்த எழுத்து ‘ஃ’ அங்கே ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆய்தம் விசர்க்கம் அல்ல என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒருமுறை வைத்த எழுத்துப் பெயரை மாற்றுவதில்லை என்பது யுனிகோட் அமைப்பின் உறுதியான விதி. அதனால் பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே ‘ஆய்தம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் உண்டு. ஆறுதலுக்கு இன்னொன்று: அடைப்புக்குறி ஒன்றின் பெயரில் ‘பிராக்கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ‘கே’யும் ‘சி’யும் இடம் மாறிக் கிடக்கின்றன. அதையும் மாற்றவில்லை. சரியான வடிவத்தை மாற்றுப் பெயராகப் பக்கத்தில் வைத்தார்கள்.

‘இதெல்லாம் நிரலுக்குள் இருக்கும் பெயர்கள். கையேட்டில் இருக்கும் வாக்கியத்தைத் திருத்துவதில் என்ன ஆபத்து?’ என்று கேட்கலாம். அங்கேதான் தமிழுக்கு நேரடியாக அடி விழுகிறது. க்னோம், கேடிஇ போன்ற கட்டற்ற மென்பொருள்களை 2000-களின் தொடக்கம் முதலே தன்னார்வலர்கள் தமிழாக்கி வந்திருக்கிறார்கள். அந்த வேலை ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற முறையில் நடக்கிறது. ஒரு கோப்பில் மேல் வரியில் ஆங்கில வாக்கியம், கீழ் வரியில் தமிழ். மென்பொருள் ஓடும்போது ஆங்கில வாக்கியத்தையே சாவியாக வைத்துக்கொண்டு அதற்கான தமிழைத் தேடி எடுக்கும்.

இப்போது அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு நல்லவர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு பிழையைப் பார்க்கிறார். ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ‘ஐ’யும் ‘இ’யும் இடம் மாறியிருக்கின்றன. திருத்தி அனுப்புகிறார். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். ஆனால் சாவி மாறிவிட்டது! புதிய ஆங்கில வாக்கியத்துக்குப் பழைய தமிழ் பொருந்துமா என்று கருவிக்குத் தெரியாது. அது அந்த வரியின் மேல் ‘ஃபஸ்ஸி’, அதாவது சந்தேகத்துக்குரியது, என்று முத்திரை குத்திவிடும். முத்திரை குத்திய வரிகளை வழக்கமாக மென்பொருளில் சேர்ப்பதில்லை. தமிழில் ஒரு எழுத்தும் தவறாக இல்லை. இருந்தும் திரையில் தமிழ் போய் ஆங்கிலம் வந்து நிற்கும். தமிழ்க் குழுவில் யாராவது கோப்பைத் திறந்து, பார்த்து, முத்திரையை எடுக்கும் வரை அப்படியேதான். நூறு பேர் இருக்கும் மொழிக் குழுவுக்கு இது ஒரு மாலை நேர வேலை. இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் செய்யும் குழுவுக்கு மாதக் கணக்கு. இதனால்தான் வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் ‘இனி வாக்கியங்களைத் தொடாதே’ என்று தடை போடும் வழக்கம் பெரிய திட்டங்களில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாமல் செய்கிற திருத்தம் அவருடைய உழைப்பை அழிக்கும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

திருத்துகிறேன் பேர்வழி என்று சும்மா கையை வைப்பவர்களும் உண்டு. லினக்ஸ் கருவின் வழிகாட்டி ஆவணத்தில் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எழுத்துப் பிழையையும் சின்னச் சின்ன நடைக் குறைகளையும் திருத்தி அனுப்புவதோடு தொடங்குகிறவர்கள் இரைச்சலைத்தான் கூட்டுகிறார்கள், அதை இப்போது பலர் மதிப்பதில்லை என்ற பொருளில். கொஞ்சம் கடுமைதான். ஆனால் 2020 அக்டோபரில் நடந்ததைப் பார்த்தால் அவர்கள் பக்க நியாயம் தெரியும். ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்வில் அந்த மாதம் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும். ஒரு யூடியூப் காணொளி எவ்வளவு சுலபம் என்று காட்டிவிட, ஆயிரக்கணக்கானோர் கையேட்டு முகப்பில் ‘அருமையான’ என்பது போல ஒரு சொல்லைச் செருகி அனுப்பித் தள்ளினார்கள். அவர்களில் நம் நாட்டு மாணவர்கள் கணிசம் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும். திட்டங்களை நடத்துகிறவர்கள் கதறிய பிறகு, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றினார்கள். ஒரு சட்டைக்காக எழுத்தைச் சேர்த்தவர்களால், உண்மையான பிழையைக் கண்டு திருத்தி அனுப்பியவரும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்.

சரியாகச் செய்யப்பட்ட திருத்தத்துக்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொடைக்கானலில் உட்கார்ந்து ஒரு லினக்ஸ் கணினியை நிறுவினாலும் அது நேர மண்டலம் என்று கேட்கும்போது தேர்ந்தெடுக்க வேண்டியது கொல்கத்தாவைத்தான். இந்தியா முழுமைக்கும் அந்த ஒரு பெயர்தான். முன்பு அது ‘கல்கத்தா’ என்று இருந்தது. 2001-இல் நகரத்தின் ஆங்கிலப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது. சில ஆண்டுகள் கழித்து நேர மண்டலத் தரவைப் பராமரிக்கும் தன்னார்வலர்களும் மாற்றினார்கள். ஆனால் பழைய பெயரை அழிக்கவில்லை. ‘பின்னோக்கி’ என்ற பொருளில் பெயரிட்ட ஒரு கோப்பில், ‘கல்கத்தா என்று யாராவது கேட்டால் கொல்கத்தாவுக்கு அனுப்பு’ என்று ஒரு வரி எழுதிவைத்தார்கள். ஒரு கடிகாரமும் நிற்கவில்லை. 2022-இல் உக்ரைன் தலைநகரின் பெயரை ‘கீயெவ்’ என்பதிலிருந்து ‘கீவ்’ என மாற்றியபோதும் இதையே செய்தார்கள்.

பழனி மலைக்காரர்களுக்கு இந்த முறை புதிது இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியின் அறிவியல் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானஸ்’ என்று பத்திரிகைகளில் பல காலம் எழுதினார்கள். ‘ஆந்தஸ்’ என்று முடியும் இந்த வகைப் பேரினப் பெயர்களை லத்தீனில் பெண்பாலாகவே கொள்ள வேண்டும் என்பது தாவரப் பெயர் விதி. ஆகவே ‘குந்தியானா’தான் சரி. நீஸ் என்ற ஜெர்மானியர் முதலில் வைத்த பேரினப் பெயரே வேறு. தாவரக் களஞ்சியங்களில் சரியான பெயருக்குக் கீழே இந்தப் பழைய பெயர்களையும் வரிசையாகக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுப்பதால்தான் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய உலர்தாவரத் தாளையும் இன்றைய செடியையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது.

உ.வே.சா.வும் இதைத்தான் செய்தார். 1887-இல் சீவகசிந்தாமணி, 1889-இல் குறிஞ்சிப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டு என்று பதிப்பித்தபோது, ஓலைக்கு ஓலை வேறுபட்ட பாடங்களைப் ‘பாடபேதம்’ என்று குறித்துவைத்தார். ஓலையில் புள்ளி இடும் வழக்கம் குறைவு. குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கொம்பின் மேல் சுழி போட்டு நெடிலைப் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய ஓலை ஒன்றில் நம் மலையூரின் பெயர் இருந்திருந்தால், கொடையா கோடையா என்று எழுத்தை மட்டும் பார்த்து எவராலும் சொல்லியிருக்க முடியாது.

இன்றைய தமிழ்க் கணிமையில் இதே போல் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் வேறு உருவில் வந்திருக்கின்றன. ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் தட்டினால் திரையில் கிட்டத்தட்ட அதேதான் தெரியும். தேடினால் ‘ஔவையார்’ கிடைக்க மாட்டார். ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக உள்ளிடலாம், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டெழுதிய நூல்களை வேறு தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள். மின்னூலின் தலைப்பிலேயே தட்டியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். அச்சுப் புத்தகங்களில் இவ்வளவு மரியாதை மெய்ப்பாளருக்குக் கிடைப்பது அபூர்வம். பின்னர் நீச்சல்காரன் சந்திப் பிழைக்கு ‘நாவி’யும் எழுத்துப் பிழைக்கு ‘வாணி’யும் உருவாக்கினார். தமிழில் ஒரு வேர்ச்சொல் விகுதிகளையும் உருபுகளையும் சேர்த்துக்கொண்டு எத்தனையோ வடிவம் எடுக்கும் என்பதால், ஆங்கிலம் போல வெறும் சொற்பட்டியல் வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

அந்த வாணியிடமே கேட்டாலும் பழனியா பழநியா என்பதற்குத் தீர்ப்புக் கிடைக்காது. யுனிகோட் வரிசையில் ‘ந’வும் ‘ன’வும் அடுத்தடுத்த வீடு. ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் என்று ஒரு கட்டம், தமிழ்ப் பெயர் என்று ஒரு கட்டம், மாற்றுப் பெயர் என்று ஒன்று, பழைய பெயர் என்று இன்னொன்று. ‘பழநி’யை மாற்றுப் பெயரில் போடலாம். ராபர்ட் வைட்டின் ‘புல்னி’யையும் வராககிரியையும் பழைய பெயரில் போடலாம். ஒரு கணக்கைத் தொடங்கினால் போதும், பத்து நிமிட வேலை. டி-ஷர்ட் மட்டும் கிடைக்காது.